ஒரு வீட்டுக்கு ஒரு கடதாசி

போர்க் காலத்தில் கொழும்பில் இருந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு கடதாசி இருந்தது. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்தி வாங்கிவந்த பட்டியல். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அந்த வீட்டு ஆள். பெயர் இல்லையென்றால், அவர்கள் கண்ணுக்கு முன்னால் சேட்டும் சாரமுமாக நின்றாலும் நீங்கள் மிச்சம். மிச்சமானவர்களை ஏற்றிக்கொண்டு போக வாசலில் ட்ரக் நிற்கும்.

நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார அன்ரி. மேலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் பதின்மூன்று ஆண்கள். அன்ரி பட்டியலைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, வாசல் சுவரில் முருகன் கலண்டர் தொங்கிய அதே ஆணியில் மாட்டியிருந்தார். காலையில் முருகனுக்கு விபூதி பூசும்போது பட்டியலுக்கும் ஒரு கோடு விழும். ஒருமுறை சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவர் அந்த வெள்ளைத் தூளை விரலில் எடுத்து முகர்ந்து, இது என்ன மருந்து என்று கேட்டார். அன்ரி யோசிக்காமல் அவருடைய நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டார். அவரும் அதைத் துடைக்காமலே அடுத்த வீட்டுக்குப் போனார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஒரு திங்கட்கிழமை அம்மா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு பஸ். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் நான் முன்னால் போய் நின்றபோது என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் நின்ற கச்சான் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார். நான் “அம்மா” என்றதும்தான் முகம் என் பக்கம் திரும்பியது. வலது கண்ணுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒப்பரேஷன். அந்தத் திகதியை வாங்க நான் கண் ஆஸ்பத்திரிப் படிகளில் எத்தனை மாதம் ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். அதைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் வால். அதற்குள் அம்மாவின் கப்பல் பாஸ் முடிந்துவிடும்.

அம்மாவைக் கீழே அன்ரியின் அறையில் படுக்கவைத்துவிட்டு, அன்ரியும் நானும் அன்றைக்கே பொலிசுக்குப் போனோம். பதியும் வேலைக்கு ஒரு புது சார்ஜன்ட் வந்திருந்தார். பொலிஸ் தந்த படிவத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர்தான் அடங்குவார்கள். நாங்கள் இரண்டு தாளைச் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டுதான் எப்போதும் போவோம். இவர் அந்தப் பின்னைக் கண்டதும் தேளைக் கண்டவர்போலக் கையை எடுத்துவிட்டார்.

“ஒரு வீட்டுக்கு ஒரு கடதாசி” என்றார் சிங்களத்தில்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது தாள் பின்னிலிருந்து கழன்று விழுந்துவிட்டதாம். அன்றைக்கு நடந்த சோதனையில் அந்தத் தாளில் இருந்த நான்கு பேரும் மிச்சமாகி, இரண்டு நாள் உள்ளே இருந்திருக்கிறார்கள். கேள்வி கடைசியில் இவரிடம் வந்திருக்கிறது. அதிலிருந்து அவருக்குப் பின் என்றாலே ஆகாது. பதினைந்து பேரும் ஒரே தாளில் வரவேண்டும், படிவத்தை நீங்களே அடித்துக்கொண்டு வாருங்கள், வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் வந்தால் முத்திரை குத்துவேன், வெள்ளியிலிருந்து எனக்கு லீவு என்றார்.

தாளைக் குறுக்கே திருப்பிப் போட்டு அடித்தால் இடம் காணும் என்றேன். அவர் என்னை அழைத்துப்போய்த் தன் பைலைக் காட்டினார். உயரமான, ஒடுக்கமான பைல். உள்ளே வெள்ளவத்தை முழுக்க நிமிர்ந்து நின்றது. “படுத்த கடதாசி இதற்குள் வராது. கடதாசி நிமிர்ந்து நிற்க வேண்டும்” என்றார். வாதாட என் வாய் துடித்தது. அன்ரி என் காலை மிதித்தார்.

முத்திரை இல்லாமல் அம்மாவை வெள்ளிக்கிழமை காலி வீதியால் கொண்டுபோக முடியாது. வழியில் எத்தனை காவலரண் இருக்கும் என்று எண்ணினால் காய்ச்சல் வந்துவிடும். வீட்டுக்குள்ளே வைத்திருப்பதும் பயம்தான். அன்றிரவு ஒழுங்கையில் ஜீப் ஒன்று போகும் சத்தம் கேட்டபோது அம்மா எழுந்து கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு, “தம்பி, நான் இப்ப மிச்சமோ?” என்று கேட்டார். இல்லையம்மா, வியாழனுக்குள் பேர் ஏறிவிடும் என்றேன்.

சிக்கல் சிறியதுதான். பதினைந்து வரி அடங்கும். பன்னிரண்டு நிரல்தான் அடங்காது. நிரலுக்குள் எழுதுவது இரண்டு எழுத்தாக இருக்கும், அதன் தலைப்போ ஒரு முழம் நீளும். ‘கொழும்புக்கு வந்த காரணம்’, ‘வீட்டுக்காரருக்கு என்ன உறவு’, இப்படி எல்லாம் சிங்களத்தில். தலைப்புகளைக் கீழிருந்து மேலாக நட்டுக்கு நிறுத்தி எழுதினால் நிரல்களை ஒடுக்கிவிடலாம்.

“அடிமட்டமும் பேனையும் எடுத்தா அரை மணித்தியாலம்” என்றார் அன்ரி. “நான் கோடு கீறித் தாறன். நீர் தலைப்பை எழுதும். அலுவல் முடிஞ்சுது.”

“அன்ரி, நான் கொம்பியூட்டரிலை வேலை செய்யிறனான்.”

“அதுக்கு?”

அந்த “அதுக்கு?” எனக்குச் சுட்டுவிட்டது. இந்த வீட்டில் பல்ப் மாற்றவும் ரேடியோவின் அன்ரனாவைத் திருப்பவும் மட்டும் கூப்பிடப்படுகிற ஆள் நான். ஒரு புரோகிராம் எழுதி, பெயர்களைக் கொடுத்தவுடன் படிவம் தானாக அச்சாகி விழும்படி செய்து, அன்ரியின் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அம்மாவின் கண்ணை வைத்து நான் என் கெட்டித்தனத்தைக் காட்டப் போனேன். இன்றைக்கும் நினைத்தால் என்னைப் பிடித்து இரண்டு அறை விடவேண்டும் போலிருக்கும்.

என் அலுவலகம் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து வியாபாரிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இரண்டு அறை இடம். எனக்குப் பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் பெண் இருந்தார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். தன்னுடைய மொனிட்டரின் தலையில் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். சிங்களத் தலைப்புகளையும் பெயர்களையும் அவர்தான் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துத் தந்தார்.

எழுத்தைத் திருப்பி அச்சடிக்க அந்தக் காலத்துப் புரோகிராமில் பொத்தான் ஒன்றும் கிடையாது. எழுத்துருவை நாமே சொல்லிச் செய்விக்க வேண்டும். உயரம் இவ்வளவு, தடிப்பு இவ்வளவு, கோணம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். கோணத்துக்குத் தொண்ணூறு என்று கொடுத்தேன். செங்கோணம் தொண்ணூறு பாகை. எட்டாம் வகுப்பில் படித்தது. பிறிண்டர் உறுமி ஒரு தாளைத் தள்ளியது.

தலைப்புகள் நிமிரவில்லை. படுத்தும் கிடக்கவில்லை. பன்னிரண்டும் தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

பக்கத்து மேசைப் பெண் தாளை வாங்கிப் பார்த்தார். “என்னங்க இது, எழுத்தெல்லாம் தண்ணி போட்டுட்டு நிக்குது?”

நூற்றெண்பது கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் தலை தூக்கியது. இருநூற்றெழுபது கொடுத்தேன். படுக்கையிலிருந்து எழும்ப மனமில்லாத ஆள்போல அரைகுறையாக எழுந்து நின்றது. கோணமானியை வைத்து அளந்தேன். தொண்ணூறு கேட்ட இடத்தில் ஒன்பதுதான் திரும்பியிருந்தது.

“மிச்சம் எண்பத்தொண்ணு எங்க?” என்றார் அவர்.

“அதுதான் தெரியேல்லை.”

“அந்தோனியார்கிட்ட கேளுங்க. காணாமப் போனதெல்லாம் அவர் தேடித் தருவாரு. திறப்பு, குடை, மோதிரம் எல்லாம் எனக்குக் கிடைச்சிருக்கு. எண்பத்தொரு பாகைதான் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்துருவில் பிழை என்று மாற்றினேன். தாளில் பிழை என்று மாற்றினேன். கடைசியில் மூளை குழம்பி, பிறிண்டரையே மேசையில் குறுக்கே திருப்பி வைத்து ஒருமுறை அச்சடித்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த முதலாளி, பிறிண்டரைப் பார்த்து, என்னைப் பார்த்து, “என்ன, ஆராவது மனையடி சாத்திரம் பார்த்துச் சொன்னவையோ?” என்று கேட்டார். நான் தூசி தட்டுகிறேன் என்றேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா காலடிச் சத்தத்தை வைத்தே என்னைப் பிடித்துவிடுவார்.

“என்ர பேர் ஏறிட்டுதோ?”

“ஏறிட்டுதம்மா. கொஞ்சம் சாய்வா ஏறியிருக்கு.”

“சாய்வெண்டாலும் பரவாயில்லை. விழாமல் இருந்தாச் சரி.”

அன்ரி சாப்பாட்டு மேசையில், என் கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு அடிமட்டத்தையும் ஒரு பேனையையும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை பின்னேரம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. இந்த இயந்திரம் எவ்வளவுதான் திரும்பும் என்று பார்த்துவிடுவோம் என்று, ஒரே தலைப்பைப் பூச்சியத்திலிருந்து முந்நூற்றறுபது வரை, பத்துப் பத்தாகக் கூட்டி, ஒரு புள்ளியைச் சுற்றி அச்சடிக்கச் சொன்னேன். ஒழுங்காக வந்தால் அது ஒரு முழு வட்டமாக, சூரியன்போல வரவேண்டும். வந்தது ஒரு விசிறி. தொடக்கம் கறுப்பாக ஒட்டிப்போய், நுனிகள் மட்டும் பிரிந்து நின்றன. கைக்கு வந்த தலைப்பு என்று நான் எடுத்தது ‘கொழும்புக்கு வந்த காரணம்’. ‘கொழும்புக்கு வந்த’ என்பது கறுப்பில் கரைந்துவிட, நுனியில் காரணம், காரணம், காரணம் என்று மட்டும் சிங்களத்தில் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

காலி வீதிக் காவலரணில் பஸ்ஸை மறித்தார்கள். “பஹின்ன” என்று சொன்னதும் நாங்கள் வரிசையாக இறங்கினோம். அடையாள அட்டையைக் கொடுத்தேன். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கக்கூடிய ஒரு ஆமிக்காரர் பொக்கற்றைத் தடவிப் பார்த்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

“மொகக்த மே?” இது என்ன என்று கேட்டார்.

அவர் தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். தலையைச் சாய்த்து ஒரு நுனியை வாசித்தார். “காரணம்” என்றார். அடுத்த நுனி. “காரணம்.” அடுத்தது. “காரணம்.” பின்னால் நின்ற இன்னொருவர் எட்டிப் பார்த்துத் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான் தனியே நின்றேன்.

“என்ன காரணம்?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் என்ன பதில் சொல்ல முடியும்? அம்மாவின் கண் என்றேன். ஒரு வீட்டுக்கு ஒரு கடதாசி என்றேன். தொண்ணூறு கொடுத்தால் ஒன்பது திரும்புகிறது என்றேன். என் அரைகுறைச் சிங்களத்தில் கோணத்துக்குச் சொல் தெரியாமல் கையை நீட்டி, மடக்கி, உயர்த்திக் காட்டினேன். காவலரணில் கையை அப்படி உயர்த்தக்கூடாது என்பது உயர்த்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்ரியின் அடிமட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதை எடுத்திருந்தால் நான் இப்போது வீட்டில் அம்மாவுடன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். நான் உள்ளே போய்விட்டால் அம்மா யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்?

ஆமிக்காரர் தாளை மணல் மூட்டையின் மேல் விரித்தார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய டியூட்டி அட்டையை எடுத்து, அதன் மூலையை விசிறியின் அடியில் வைத்தார்.

“இது தொண்ணூறு” என்றார். பிறகு அட்டையின் மூலையைப் பாதியாக மடித்து வைத்தார். “இது நாற்பத்தைந்து. உன்னுடையது இதைக்கூடத் தொடவில்லை.”

நுனிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். நடுவில் ஒரு லொறி வந்தது. கையால் போகச் சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார். முப்பத்தேழு.

“முப்பத்தேழு கோடு, முப்பத்தாறு இடைவெளி. பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பாகைதான் இருக்கும். நீ எவ்வளவு கொடுத்தாய்?”

“பத்து.”

“அப்படியென்றால் உன் மெஷின் பத்தை ஒன்று என்று எடுக்கிறது. தொண்ணூறு வேண்டுமென்றால் தொள்ளாயிரம் கொடு.” தாளை நாலாக மடித்து என் பொக்கற்றிலேயே திருப்பி வைத்தார். “ஒரு பூச்சியம் போடு, மல்லி.” என்னைவிட இளையவர் என்னைத் தம்பி என்றார்.

தான் உயர்தரத்தில் கணிதம் படித்துப் பாதியில் விட்டவர் என்று, நான் கேட்காமலே சொன்னார். நான் கணிதத்தில் பட்டம் பெற்றவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸை அவரே மறித்து என்னை ஏற்றிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் தகவல் கொடுப்பவன் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கை வெள்ளவத்தை வரை காலியாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகப் பூச்சியத்தைப் போட்டேன். பன்னிரண்டு தலைப்பும் வேலிக் கதிகால்போல நட்டுக்கு நின்றன. பிறகு புரோகிராமின் விளக்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், கோணத்தைப் பாகையின் பத்திலொரு பங்காகக் கொடுக்கவேண்டும் என்று பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண், அந்தோனியாருக்கு நான் ஒரு மெழுகுதிரி கடன் என்றார். அவர் ஆமி உடுப்பில் வந்ததாக நான் சொன்னதை நம்பவில்லை.

முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளவத்தைக்கு ஓடிவந்து, அன்ரியையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு சார்ஜன்ட் முன்னால் நின்றேன். ஒரே தாள். பதினைந்து பேர். கடைசி வரியில் அம்மா. பின் இல்லை. நிமிர்ந்த கடதாசி. என் வாழ்க்கையில் அதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது குறைவு.

சார்ஜன்ட் முதல் தலைப்பை வாசிக்கத் தலையை இடது தோளில் சாய்த்தார். பிறகு பெயரை வாசிக்க நிமிர்ந்தார். அடுத்த தலைப்புக்கு மறுபடி சாய்ந்தார். மூன்றாவது தலைப்பில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். தாளைத் திருப்பிப் பார்த்தார். இப்போது தலைப்பு சரி, பெயர்கள் படுத்துவிட்டன. தாளைத் திருப்பித் திருப்பி, ஸ்டியரிங் பிடிப்பவர்போலக் கொஞ்ச நேரம் ஓட்டினார்.

“ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு முறை கழுத்து. பதினைந்து ஆள்” என்றார் களைத்துப்போய். “எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கட்டும். தலைப்பு படுத்திருந்தால் பெயரும் படுக்கட்டும்.”

“மாத்தயா, அப்படிச் செய்தால் அது குறுக்கே திருப்பிய கடதாசிதானே? அதைத்தானே நான் திங்கட்கிழமை கேட்டேன்?”

“இல்லை, கடதாசி படுக்கக்கூடாது. எழுத்துப் படுக்கலாம்.”

என் வாய் திறந்தது. அன்ரி இந்த முறை காலை மிதிக்கவில்லை, இடுப்பில் கிள்ளினார். “இப்ப போனாத்தான் அஞ்சு மணிக்குள்ளை வரலாம். கோவத்தை வெள்ளிக்கிழமைக்கு வைச்சிரும்” என்றார்.

மறுபடி கொட்டாஞ்சேனை. மறுபடி பிறிண்டர். உச்சியில் ‘வீட்டில் தங்கியிருப்போர் பட்டியல்’ என்ற ஒரு வரியை மட்டும் நேராக விட்டேன். அதற்குக் கீழே இருந்த அத்தனையையும் தொள்ளாயிரத்துக்குத் திருப்பினேன். நான் மூன்று நாள் தலையால் தண்ணீர் குடித்துச் செய்து முடித்தது, தாளைக் கையால் ஒருமுறை திருப்புகிற வேலை. பிறிண்டர் அதை வெளியே தள்ளியபோது நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அன்ரியும் நானும் மறுபடி முன்னால் நிற்க, சார்ஜன்ட் இரண்டு பிரதியில் ஒரு தாளைக் கையில் எடுத்தார். உச்சி வரியை வாசித்தார். “கடதாசி நிமிர்ந்து நிற்கிறது” என்றார் திருப்தியாக. பிறகு தாளைக் குறுக்கே திருப்பிப் பதினைந்து பேரையும் கழுத்து நோகாமல் வாசித்தார். கடைசி வரியில், வந்த காரணம் என்ற பெட்டியில், ‘கண்’ என்று இருந்தது. அவர் அன்ரியைப் பார்த்து, எந்தக் கண் என்று கேட்டார். வலது என்றேன். தன்னுடைய அம்மாவுக்கு இடது என்றார். முத்திரையை மையில் அமுக்கி, குத்தப் போனவர் நிறுத்தி, பெயர்களுக்குத் தோதாக முத்திரையையும் குறுக்கே திருப்பிப் பிடித்துக்கொண்டு குத்தினார். எனக்கு ஒன்று, பைலுக்கு ஒன்று. பைலுக்குள் எங்கள் வீட்டுத் தாள் மற்ற வீடுகளோடு நிமிர்ந்து போய் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டோவில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். காவலரணில் மறித்தார்கள். அதே ஆமிக்காரர். தாளை வாங்கி உச்சியைப் பார்த்தார், தலையைச் சாய்த்தார், தாளைத் திருப்பினார். என் முகத்தைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது.

“பிந்துவ தெம்மாத?” பூச்சியம் போட்டாயா என்று கேட்டார்.

போட்டேன் என்றேன். அவர் குனிந்து ஓட்டோவுக்குள் இருந்த அம்மாவைப் பார்த்து, மரியாதையாகத்தான், “அம்மா, காரணம்?” என்று கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, ஆட்காட்டி விரலால் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அவர் கையசைத்தார். ஓட்டோ போனது. அம்மாவின் கையை நான் ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா முதலில் பார்த்தது முருகனை, அடுத்தது அதே ஆணியில் தொங்கிய எங்கள் பட்டியலை. மேலே இருந்த பையன்கள் எல்லோரும் அதற்குள் அதைத் தலை சாய்த்து வாசிக்கப் பழகிவிட்டார்கள். அம்மாவும் சாய்த்துப் பார்த்தார். சிங்களம் வாசிக்கத் தெரியாததால் தன் பெயர் எது என்று கேட்டார். ஓரத்தில் நின்ற கடைசி வரியைக் காட்டினேன்.

“ஏன் மோனை எல்லாரையும் படுக்கப் போட்டிருக்கிறாய்?”

“ஒரு கடதாசிக்குள்ளை எல்லாரும் அடங்கோணும் எண்டு சொல்லிப்போட்டினம், அம்மா.”

“ம்” என்றார். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

கிளினிக்குக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. அதில் மூன்று பல்லுள்ள சீப்புப்போல ஒரே ஒரு எழுத்துத்தான் இருக்கும். ஒன்று வலப்பக்கம் பார்த்து நிற்கும், ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று கீழே. மேல் வரியில் பெரிதாக, கீழே வரவரச் சிறிதாக. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டினால் போதும். நான் அதற்கு முன் அந்த அட்டையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது பூச்சியம், தொள்ளாயிரம், ஆயிரத்தெண்ணூறு, இரண்டாயிரத்தெழுநூறு என்று என் கண்ணில் பட்டது.

தாதி ஒரு தடியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அம்மா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினார். வலம். மேல். வலம். கீழ். கை நிதானமாகத் திரும்பிக்கொண்டே வந்தது. பஸ் நிலையத்தில் என்னைத் தாண்டிக் கச்சான்காரனைப் பார்த்துச் சிரித்த அதே அம்மா. நாலாவது வரி. ஐந்தாவது வரி. கடைசி வரியில் எழுத்துகள் எனக்கே கலங்கலாகத்தான் தெரிந்தன. என் கண்ணில் நிறையத் தண்ணீர் நின்றது. அம்மா ஒன்றும் பிழை விடவில்லை.

தாதி நல்லது என்று எழுதிக்கொண்டார். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையை மேலிருந்து கீழே இன்னொருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் சரிந்து, தாதிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்:

“பாவம் தம்பி, இவையளுக்கும் ஆரோ ஒரு கடதாசிதான் எண்டு சொல்லிப்போட்டாங்கள் போலை.”